ககன்யானுக்கும் ஒரு பாதுகாப்பு ஆணையர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய வீரர்களை நம் ராக்கெட்டிலேயே விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டம் குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வெளிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அவற்றில் இரண்டு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. குடிநீருக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் பணம் போதாத நாட்டில் மூன்று பேரை மூன்று நாள் வானத்தில் சுற்றிவரச் செய்ய இத்தனை கோடி எதற்கு என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். சீனா 2003-ஆம் ஆண்டிலேயே செய்து முடித்ததை இன்னும் எத்தனை முறை தள்ளிப் போடுவார்கள் என்று மற்றொரு சாரார் ஆதங்கப்படுகிறார்கள். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், ககன்யான் ராக்கெட்டின் என்ஜின்கள் சோதிக்கப்படும் மகேந்திரகிரிக்கு அருகில் வசிப்பவன் என்ற முறையிலும் இரு சாராருக்கும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். மனிதரை விண்ணுக்கு அனுப்புவது செலவுக்குத் தகுந்த பணி என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் அந்தப் பயணத்தை நடத்தும் துறையே அதன் பாதுகாப்புக்கும் தானே சான்று வழங்கிக்கொள்ளும் இப்போதைய ஏற்பாடு மாற வேண்டும். முதல் இந்திய வீரர் நம் மண்ணிலிருந்து புறப்படுவதற்கு முன்பே மாற வேண்டும்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2018-இல் இத்திட்டத்துக்கு மதிப்பிடப்பட்ட செலவு சுமார் 9,000 கோடி ரூபாய். கூடுதல் சோதனைப் பயணங்களும் இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியும் சேர்க்கப்பட்ட பிறகு, 2024 செப்டம்பரில் அது 20,193 கோடியாக உயர்த்தப்பட்டது. பெரிய தொகைதான், ஆனால் பல ஆண்டுகளுக்குப் பரவிய தொகை. வானிலைச் செயற்கைக்கோள்கள், தொலையுணர்வு, சந்திரயான், ககன்யான் எல்லாவற்றுக்கும் சேர்த்து விண்வெளித் துறைக்கு 2025-26 மத்திய பட்ஜெட்டில் ஒதுக்கப்பட்டது 13,416 கோடி. மத்திய அரசு செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் இது முப்பது காசுக்கும் குறைவு. இந்தக் காசை நிறுத்தினால் குழாயில் தண்ணீர் வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. தண்ணீர் வராத ஊர்களில் அது வராததற்கான காரணங்கள் ஸ்ரீஹரிகோட்டாவில் இல்லை.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதும் அன்று. 1969 ஜூலை 15, அப்பல்லோ-11 புறப்படுவதற்கு முந்தைய நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழரும் அவருக்குப் பின் அவருடைய கறுப்பின மக்கள் உரிமை இயக்கத்தின் தலைமையை ஏற்றவருமான ரால்ஃப் அபர்நாதி, ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதைகளையும் அழைத்துக்கொண்டு ஏவுதளத்தின் வாசலுக்கே வந்து நின்றார். நாசாவின் தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து அவரைச் சந்தித்தார். நாளை அந்தப் பொத்தானை அழுத்தாமல் விட்டால் வறுமை தீர்ந்துவிடும் என்றால் நாங்கள் அழுத்த மாட்டோம் என்ற பொருளில் பெய்ன் பதில் சொன்னார். வீரர்களுக்காகப் பிரார்த்திக்குமாறும் கேட்டுக்கொண்டார். அபர்நாதி அதற்கு இணங்கினார். அவருடன் வந்திருந்த குடும்பங்களுக்கு ஏவுதலைப் பார்க்க இடமும் தரப்பட்டது. அபர்நாதியின் கேள்வி நியாயமானது, பெய்னின் பதில் நேர்மையானது. இரண்டையும் ஒருசேர ஏற்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

நம் நாட்டில் இந்தக் கேள்வியை எழுப்புவோர் விக்ரம் சாராபாயைத் துணைக்கு அழைப்பதுண்டு. நிலவையும் கோள்களையும் ஆராய்வதிலும், மனிதரை விண்ணுக்கு அனுப்புவதிலும் வளம் மிக்க நாடுகளோடு போட்டியிடும் கற்பனை நமக்கு இல்லை என்று அவர் சொன்னது உண்மைதான். தும்பாவின் தேவாலயக் கட்டடத்தில் அலுவலகத்தை வைத்துக்கொண்டு, 1963 நவம்பர் 21 அன்று அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு ராக்கெட்டை ஏவித் தொடங்கிய நாட்டுக்கு அது மிகச் சரியான முடிவு. அவர் காட்டிய வரிசைப்படியே நாம் நடந்தோம். முதலில் தொலைத்தொடர்பும் வானிலையும் வந்தன; 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடக்கும் முன் டெல்டா மாவட்டங்களில் மக்களை முகாம்களுக்கு மாற்ற முடிந்ததில் நம் செயற்கைக்கோள் படங்களுக்கும் பங்கு உண்டு. அந்த அடித்தளத்தைக் கட்டி முடித்த பிறகுதான் இன்று மனிதப் பயணத்தைப் பற்றிப் பேசுகிறோம். சாராபாய் மறுத்தது போட்டியை. அந்த மறுப்பு இன்றும் நமக்கு வேண்டும் என்றே நான் சொல்வேன். சீனாவோடு ஒப்பிட்டு அவசரப்படுத்தும் வாசகர்கள் அதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரோபோ போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். வகுப்பில் மாணவர்கள் இதை அடிக்கடி கேட்பார்கள், நல்ல கேள்வி. பெரும்பாலான பணிகளுக்கு ரோபோவே போதும், பல பணிகளுக்கு ரோபோதான் வேண்டும். வியாழனுக்கும் சனிக்கும் அப்பால் சென்ற வாயேஜர் கலங்களில் மனிதர் ஏறியிருக்க முடியாது. ஆனால் சில இடங்களில் மனிதக் கண்ணுக்கும் கைக்கும் ஈடு இன்னும் வரவில்லை. நாம் பெருமைப்படும் பிரக்யான் ஊர்தி 2023-இல் நிலவில் தன் பணிக்காலத்தில் நகர்ந்த தூரம் சுமார் 100 மீட்டர். 26 கிலோ எடையுள்ள ஒரு சிறு வண்டிக்கு அது பெரிய சாதனை. 1972 டிசம்பரில் அப்பல்லோ-17 வீரர்களான செர்னானும் ஷ்மிட்டும் மூன்று நாட்களில் தங்கள் நிலவு வண்டியில் சுமார் 35 கிலோமீட்டர் சுற்றினார்கள்.

தூரம்கூடப் பெரிதல்ல. ஹாரிசன் ஷ்மிட் தொழில்முறைப் புவியியலாளர். ஷார்ட்டி என்று பெயரிடப்பட்ட ஒரு பள்ளத்தின் விளிம்பில் அவர் நின்றபோது, காலணி பட்டுக் கலைந்த சாம்பல் நிறத் தூசிக்கு அடியில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. அங்கே செலவிட அவர்களுக்குக் குறைந்த நேரமே இருந்தது. பூமியிலிருந்து வரும் கட்டளைக்குக் காத்திராமல் அவர் உடனே குழி வெட்டி, மண் அடுக்குகளைப் படமெடுத்து, மாதிரிகளை அள்ளினார். அது ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலவின் ஆழத்திலிருந்து எரிமலை பீய்ச்சிய நுண்ணிய கண்ணாடி மணிகள் என்று பின்னர் தெரிந்தது. அதே மண்ணில், 2011-இல், அந்த மணிகளுக்குள் சிறைப்பட்டிருந்த உருகுகுழம்புத் துளிகளில் நீர் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அள்ளிய நாளில் இல்லாத கருவிகள் பிற்காலத்தில் வந்தபோது, ஆராய மண் கையில் இருந்தது. அப்பல்லோ வீரர்கள் ஆறு பயணங்களில் கொண்டுவந்தது 382 கிலோ. அதே காலகட்டத்தில் சோவியத் ஒன்றியத்தின் மூன்று ஆளில்லா லூனா கலங்கள் கொண்டுவந்தது மொத்தம் சுமார் 300 கிராம். தொழில்நுட்பம் வெகுவாக முன்னேறிய பிறகு சீனாவின் சாங்'ஏ-5, சாங்'ஏ-6 இரண்டும் சேர்ந்து கொண்டுவந்தது நான்கு கிலோவுக்கும் குறைவு.

ஹப்பிள் தொலைநோக்கி இன்னொரு சான்று. 1990-இல் ஏவப்பட்ட அதன் பெரிய கண்ணாடியின் விளிம்பு, தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத் தவறாகத் தேய்க்கப்பட்டிருந்தது. படங்கள் மங்கலாக வந்தன. 1993 டிசம்பரில் எண்டெவர் விண்வெளி ஓடத்தில் சென்ற ஏழு வீரர்கள், ஐந்து முறை விண்வெளியில் இறங்கி வேலை செய்து அதைச் சரிசெய்தார்கள். அதன் பிறகு 2009 வரை மேலும் நான்கு முறை மனிதர்கள் சென்று அதன் கருவிகளை மாற்றினார்கள். இன்று நம் பாடப்புத்தகங்களில் இருக்கும் விண்மீன் திரள்களின் படங்கள் அந்தக் கைகளால் கிடைத்தவை. இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். 2009-இல் கடைசிப் பழுதுபார்ப்புக்கு அட்லாண்டிஸ் புறப்பட்டபோது, பக்கத்து ஏவுதளத்தில் இன்னொரு விண்வெளி ஓடம் மீட்புக்குத் தயாராக நிறுத்தப்பட்டிருந்தது. அட்லாண்டிஸ் சேதமடைந்தால் ஏழு பேரும் ஒதுங்க அந்தச் சுற்றுப்பாதையில் விண்வெளி நிலையம் கிடையாது என்பதே காரணம். அந்த ஏற்பாடு இல்லாமல் பயணம் இல்லை என்ற நிலைக்கு நாசா வந்ததற்குப் பின்னால் கொலம்பியா ஓடத்தில் போன ஏழு உயிர்களின் இழப்பு இருந்தது.

விண்வெளி ஆய்வால் வீட்டுக்கு வந்த பொருள்கள் என்று சிலர் தரும் நீண்ட பட்டியலை நான் இங்கே எடுக்கவில்லை. அவற்றில் பல மிகைப்படுத்தப்பட்டவை. அந்தப் பொருள்களை நேரடியாகவே இதைவிடக் குறைந்த செலவில் உருவாக்கியிருக்கலாம். எடையற்ற நிலையில் மாதந்தோறும் இடுப்பெலும்பு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை வலுவிழப்பது, அதைத் தடுக்க நாள்தோறும் எவ்வளவு உடற்பயிற்சி வேண்டும் என்பது, வியர்வையையும் சிறுநீரையும் சுத்திகரித்து நீரில் சுமார் 98 சதவீதத்தை மீட்பது ஆகியவற்றையெல்லாம் 2000 நவம்பர் முதல் ஆளில்லாமல் ஒரு நாளும் இருந்திராத சர்வதேச விண்வெளி நிலையம்தான் நமக்குக் கற்றுத் தந்தது. 2025 ஜூன் 25 அன்று புறப்பட்டு அங்கே சென்ற சுபான்ஷு சுக்லா பாசிப்பயறும் வெந்தயமும் முளைக்கவைத்துப் பார்த்தது அந்த நீண்ட பணியில் நம் பங்கு. 1984 ஏப்ரலில் சோவியத்தின் சோயூஸ் கலத்தில் சென்ற ராகேஷ் சர்மாவுக்குப் பிறகு 41 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த வாய்ப்பு வந்தது.

என் கவலையை இனிச் சொல்கிறேன். மனித விண்வெளிப் பயணத்தின் வரலாற்றை நாம் புறப்பாடுகளின் வரலாறாகவே படிக்கிறோம். அந்தப் பயணங்களின் பெருமை திரும்பி வருவதில் இருக்கிறது. 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் 108 நிமிடங்களில் பூமியைச் சுற்றி வந்தார் என்று பாடம் நடத்துகிறோம். இறங்கும் வழியில் அவருடைய கலத்திலிருந்து பிரிய வேண்டிய பகுதி கம்பிக் கற்றையால் பிணைந்தே இருந்து, பல நிமிடங்கள் கலம் தாறுமாறாகச் சுழன்றதை யாரும் நடத்துவதில்லை. 1967 ஏப்ரலில் விளாதிமிர் கொமரோவ் சோயூஸ்-1 கலத்தில் அனுப்பப்பட்டார். அதற்கு முன் ஆளில்லாமல் நடந்த மூன்று சோதனைகளிலும் கோளாறு ஏற்பட்டிருந்தது. அந்த ஆண்டு சோவியத் புரட்சியின் பொன்விழா ஆண்டு. பாராசூட் விரியாமல் கலம் தரையில் மோதி அவர் இறந்தார். அதே ஆண்டு ஜனவரியில், தரையிலேயே நடந்த ஓர் ஒத்திகையின்போது, தூய ஆக்சிஜன் நிரப்பிய அப்பல்லோ-1 கலத்துக்குள் தீப்பிடித்து மூவர் மாண்டனர். உள்பக்கமாகத் திறக்கும் கதவை அழுத்தத்தை மீறித் திறக்க அவர்களால் முடியவில்லை.

சோயூஸ்-11 இன்னும் கொடியது, ஏனெனில் அங்கே எல்லாம் நல்லபடி முடிந்ததாகவே தரையில் இருந்தோர் நினைத்தார்கள். உலகின் முதல் விண்வெளி நிலையமான சல்யூட்-1-இல் மூன்று வாரங்களுக்கும் மேல் தங்கிவிட்டு, டொப்ரொவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ் மூவரும் 1971 ஜூன் 30 அன்று திரும்பினர். பாராசூட் ஒழுங்காக விரிந்தது. கலம் குறித்தபடி தரையிறங்கியது. மீட்புக் குழுவினர் கதவைத் திறந்தபோது மூவரும் இருக்கைகளில் அசைவற்று இருந்தனர். தரைக்கு நான்கைந்து கிலோமீட்டர் உயரத்தில் திறக்க வேண்டிய ஒரு சிறு காற்று வால்வு, பகுதிகள் பிரிந்த அதிர்ச்சியில் 168 கிலோமீட்டர் உயரத்திலேயே திறந்துவிட்டது. அதைக் கையால் மூட முயன்றிருக்கிறார்கள்; மூடி முடிக்க நேரம் போதவில்லை. அழுத்த உடை அணிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். ஆனால் மூன்று பேர் உட்கார வேண்டும் என்பதற்காக உடைக்கு இடமில்லாமல் செய்யப்பட்டிருந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் சோயூஸில் உடையணிந்த இருவர் மட்டுமே பறந்தனர்.

நாசாவின் விண்வெளி ஓடங்களான சேலஞ்சரையும் கொலம்பியாவையும் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1986 ஜனவரி 27 இரவு, குளிரில் பக்கவாட்டு ராக்கெட்டுகளின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், மறுநாள் சேலஞ்சரை ஏவ வேண்டாம் என்று அந்த ராக்கெட்டுகளைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். மேலாளர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். மறுநாள் காலை 73-ஆவது நொடியில் ஏழு பேரும் போய்விட்டார்கள். கல்பனா சாவ்லா சென்ற கொலம்பியா 2003 ஜனவரி 16 அன்று புறப்பட்ட 82-ஆவது நொடியில், வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள்; கிடைக்கவில்லை. இரண்டு வாரங்கள் கழித்துத் திரும்பும் வழியில் பிப்ரவரி 1 அன்று கலம் சிதறியது. விசாரணைக் குழுவின் அறிக்கையில் உள்ள ஒரு சிறு விவரம் என் மனத்தை விட்டு நீங்குவதில்லை. விண்வெளி நிலையக் கட்டுமானத்தின் ஒரு கட்டத்தை 2004 பிப்ரவரி 19-க்குள் முடித்தாக வேண்டும் என்று மேலிடம் தேதி குறித்திருந்தது. அந்தத் தேதிக்கு இன்னும் எத்தனை நாள், மணி, நிமிடம் என்று எண்ணிக் காட்டும் திரைக்காட்சி மேலாளர்களின் கணினிகளுக்கு அனுப்பப்பட்டிருந்தது. நுரைத் துண்டு எவ்வளவு காரணமோ, அமைப்பின் பழக்கவழக்கங்களும் அவ்வளவு காரணம் என்று அந்தக் குழு எழுதியது.

அந்தப் பாடம் வீண்போகவில்லை. 2024 ஜூனில் எட்டு நாள் பயணமாக ஸ்டார்லைனர் கலத்தில் சென்ற சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும், கலத்தில் ஹீலியம் கசிவும் உந்துவிசைக் கோளாறும் தென்பட்டதால், அதில் திருப்பி அழைக்கப்படவில்லை. கலம் காலியாக இறங்கியது. அவர்கள் 286 நாட்கள் கழித்து 2025 மார்ச்சில் வேறு கலத்தில் திரும்பினார்கள். அதை நம் ஊடகங்களில் பல "சிக்கித் தவிப்பு" என்று எழுதின. காத்திருக்க வைத்த அந்த முடிவைத்தான் நான் பாராட்டுவேன். முந்தைய விபத்துகளின் நினைவும் அம்முடிவுக்குப் பின்னால் இருந்ததாக நாசாவின் தலைவரே சொன்னார். 2025 நவம்பரில் சீனா தன் ஷென்சோ-20 கலத்தின் ஜன்னலில் விரிசல் கண்டதும் வீரர்களை அதில் ஏற்றாமல் மற்றொரு கலத்தில் இறக்கியது. சுக்லாவின் பயணத்திலும் இது நடந்தது. பால்கன்-9 ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்தபோது, முழுமையாகச் சரிசெய்து சோதித்த பிறகே ஏவ வேண்டும் என்று அங்கே சென்றிருந்த இஸ்ரோ குழு வலியுறுத்தியது. பயணம் தள்ளிப் போனது. அவர் ஜூலை 15 அன்று நலமாகத் திரும்பினார். அயல்நாட்டு ராக்கெட்டில் நம்மவர் ஏறும்போது காட்டிய அந்தக் கண்டிப்பை நம் ராக்கெட்டிடம் காட்டப் போவது யார்?

இஸ்ரோவின் பொறியாளர்கள்மீது எனக்கு ஐயம் இல்லை. மகேந்திரகிரியில் விகாஸ் என்ஜினையும் கிரையோஜெனிக் என்ஜினையும் மனிதப் பயணத்துக்கு ஏற்றவையாக்க அவர்கள் எவ்வளவு நீண்ட நேரம், எத்தனை விதமாக எரித்துப் பார்த்தார்கள் என்பதை இந்த வட்டாரத்தில் வாழ்பவர்கள் அறிவோம். 2023 அக்டோபர் 21 அன்று ஆபத்தில் ககன்யான் வீரர்கள் தப்பிக்கும் அமைப்பின் சோதனையில், ஏவுவதற்கு ஐந்து நொடி இருக்கும்போது கணினி தானாகவே நிறுத்தியதை நாடே நேரலையில் பார்த்தது. தலைவர் கேமரா முன் வந்து நடந்ததைச் சொன்னார்; குறையைக் கண்டுபிடித்து, பத்து மணிக்கு ஏவி, கலத்தைக் கடலில் இறக்கிக் காட்டினார்கள். அந்த நிறுத்தத்தை மறைக்காமல் காட்டியதே எனக்கு அன்றைய பெரிய வெற்றியாகத் தோன்றியது. ஆனால் இந்த வெளிப்படைத்தன்மை எப்போதும் இருப்பதில்லை. 2021 ஆகஸ்டில் ஜி.எஸ்.எல்.வி.-எஃப்10 ராக்கெட் தோற்றபோது, ஹைட்ரஜன் தொட்டியின் வால்வில் ஏற்பட்ட கசிவே காரணம் என்பதை இஸ்ரோ விளக்கி வெளியிட்டது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 தரையிறங்கு கலம் நிலவில் மோதியதற்கான விசாரணை அறிக்கையோ முழுமையாக வெளியிடப்படவில்லை. காரணங்களை 2023-இல், அடுத்த கலம் புறப்படும் தறுவாயில்தான் இஸ்ரோ தலைவர் விரிவாகப் பேசினார். எதை வெளியிடுவது, எதை வெளியிடாமல் விடுவது என்பது அந்தந்த நேரத்துத் தலைமையின் விருப்பமாக இருக்கும் வரை, மக்கள் நம்பிக்கைக்கு உறுதியான அடிப்படை இல்லை. ஆளில்லாக் கலத்துக்கு இது பொறுத்துக்கொள்ளத் தக்கது. மனிதர் ஏறும் கலத்துக்கு அப்படியல்ல.

அமைப்பின் கோளாறை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இஸ்ரோவின் தலைவர், விண்வெளித் துறையின் செயலர், விண்வெளி ஆணையத்தின் தலைவர் ஆகிய மூன்று பொறுப்புகளும் ஒருவரிடமே இருக்கின்றன. கலத்தைக் கட்டுபவர், அதற்கு நிதி கேட்பவர், கொள்கை வகுப்பவர், புறப்படலாம் என்று தலையசைப்பவர் எல்லாம் ஒரே நாற்காலி. அதில் அமர்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், மேலிருந்து ஒரு தேதி வரும்போது அவருக்குத் துணை நிற்க வெளியே ஒருவரும் இல்லை. தேதி மேலிருந்து வந்ததும் உண்டு. 2018 சுதந்திர தின உரையில், சுதந்திரத்தின் 75-ஆவது ஆண்டான 2022-க்குள் இந்தியர் ஒருவர் விண்ணுக்குச் செல்வார் என்று அறிவிக்கப்பட்டது. அந்தத் தேதியை இஸ்ரோ கடந்துசென்று, மனிதப் பயண இலக்கை 2027 வரை நகர்த்தியிருப்பதை நான் குறையாகக் கருதவில்லை; அந்தத் துறையின் மனத்திண்மைக்கு அது அடையாளம். ஆனால் ஒரு துறையின் மனத்திண்மையை மட்டும் நம்பி மூன்று பேரை ராக்கெட்டின் உச்சியில் அமரவைக்கலாகாது.

இதற்கு வெளிநாட்டில் முன்மாதிரி தேட வேண்டியதில்லை. அப்பல்லோ-1 தீ விபத்துக்குப் பின், 1968-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தால் ஒரு பாதுகாப்பு ஆலோசனைக் குழுவை அமைத்தது என்பதும், அது ஆண்டுதோறும் பொதுவெளியில் அறிக்கை தருகிறது என்பதும் உண்மை. அப்படியும் இரு ஓடங்கள் வீழ்ந்தன என்பதும் உண்மை. ஆனால் அதைவிட வலுவான ஓர் ஏற்பாடு நம் கண்ணெதிரே இருக்கிறது. நம் நாட்டில் புதிய ரயில் பாதையில் பயணிகள் வண்டி ஓட வேண்டுமானால், ரயில் பாதுகாப்பு ஆணையர் வந்து டிராலியில் சென்று பார்த்து, வேகச் சோதனை நடத்தி, அனுமதி தர வேண்டும். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். ரயிலை ஓட்டுபவரே ரயிலுக்குச் சான்று தரக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்யப்பட்ட பிரிவு அது. பாம்பன் புதிய பாலத்தை 2024 நவம்பரில் ஆய்வு செய்த ஆணையர், பாலத்தின் கட்டுமானத்திலும் நடைமுறையிலும் கண்ட குறைகளை எழுத்தில் சுட்டிக்காட்டி, வேகத்துக்கு வரம்பு விதித்து, நிபந்தனையோடுதான் அனுமதி தந்தார். அது நாளிதழ்களில் வந்தது, விவாதமானது, ரயில்வே பதில் சொல்ல நேர்ந்தது. 2025 ஏப்ரலில்தான் பாலம் திறக்கப்பட்டது. ராமேசுவரம் செல்லும் பயணிக்கு நாம் தரும் இந்தக் காவல், பூமிக்கு 400 கிலோமீட்டர் மேலே செல்லும் வீரருக்கு ஏன் இருக்கக் கூடாது?

ஆகவே, ககன்யானுக்கும் அதன் பின் வரும் பயணங்களுக்கும், விண்வெளித் துறைக்கு வெளியே, நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தரும் ஒரு பாதுகாப்பு ஆணையம் சட்டப்படி அமைய வேண்டும். ஓய்வுபெற்ற சோதனை விமானிகளும், விமான மருத்துவம் அறிந்த மருத்துவர்களும், பல்கலைக்கழகப் பொறியாளர்களும் அதில் இருக்கலாம். ஆளில்லாச் சோதனைப் பயணம் ஒவ்வொன்றுக்குப் பின்னும் என்ன எதிர்பார்க்கப்பட்டது, என்ன நடந்தது, எது ஒத்துவரவில்லை என்ற அறிக்கை குறித்த காலத்துக்குள் வெளிவர வேண்டும். பாதுகாப்பு ரகசியங்கள் கசியும் என்பார்கள். பாராசூட் எத்தனை விநாடியில் விரிந்தது என்பதும் கலத்துக்குள் காற்றழுத்தம் எப்படி இருந்தது என்பதும் ராணுவ ரகசியம் ஆகா. ஏவக் கூடாது என்று ஒரு இளநிலைப் பொறியாளர் எழுதினால், அந்தக் காகிதம் அவருடைய மேலாளரின் மேசையோடு நின்றுவிடாமல் ஆணையத்துக்கும் போய்ச் சேரும் வழி இருக்க வேண்டும். 1986-இல் இல்லாமல் போனது அந்த வழிதான். 2017-இல் வரைவாக வெளியிடப்பட்ட விண்வெளிச் செயல்பாடுகள் மசோதா இன்னும் சட்டமாகவில்லை. அது மறுபடி எடுக்கப்படும்போது இவற்றைச் சேர்க்க நல்ல வாய்ப்பு.

எதிர்காலத்தை எண்ணும்போது இதன் அவசரம் கூடுகிறது. 2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம், 2040-க்குள் நிலவில் இந்தியர் என்பன அறிவிக்கப்பட்ட இலக்குகள். ககன்யான் சுற்றும் உயரத்திலிருந்து ஏதேனும் கோளாறு என்றால் சில மணி நேரத்தில் இறங்கிவிடலாம். நிலவிலிருந்து திரும்ப மூன்று நாள் ஆகும். மனிதர் செவ்வாய்க்குப் போகும் நாளில், கோள்களின் நிலை கூடிவரும் வரை அங்கேயே காத்திருந்து திரும்ப இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் பிடிக்கும். இடையில் மீட்கச் செல்ல வழி கிடையாது. அத்தகைய பயணங்களுக்கு வேண்டிய பழக்கங்களை மூன்று நாள் பயணத்திலேயே கற்றுக்கொள்ளாவிட்டால் பிறகு கற்க வாய்ப்பிராது.

2024 பிப்ரவரியில் பெயர் அறிவிக்கப்பட்ட நான்கு விமானப்படை அதிகாரிகளில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். நால்வரும் தங்கள் பணியின் ஆபத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். அதை மனமார ஏற்றவர்கள். அவர்கள் ஏற்ற ஆபத்து இயற்கையினுடையதாக இருக்கட்டும், நம் அவசரத்தினுடையதாக இருக்க வேண்டாம்.

தங்கள் நாளிதழ் இதைச் செய்தியாகத் தொடர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செய்தியாளர் சந்திப்புகளில் "எப்போது ஏவுவீர்கள்" என்ற கேள்வியோடு, கடந்த சோதனையில் எது ஒத்துவரவில்லை, அதைத் துறைக்கு வெளியே யார் சரிபார்த்தார்கள் என்ற கேள்விகளையும் தங்கள் நிருபர்கள் எழுப்பட்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் மக்களவை உறுப்பினர்கள் வரும் கூட்டத்தொடரில் இவற்றை எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். ககன்யானின் ஆளில்லாப் பயண முடிவுகள் எத்தனை நாளுக்குள் வெளியிடப்படும்? மனிதப் பயணத்துக்கு இறுதி அனுமதி தருவோரில் இஸ்ரோவைச் சாராதவர் எத்தனை பேர்? அவர்களுக்கு மறுக்கும் அதிகாரம் உண்டா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
வள்ளியூர், திருநெல்வேலி மாவட்டம்.